நிறம் மாறி ஒளிரும் உப்புகளும் எங்கட கடற்காற்றும்

கல்முனைக் கடைகளில் ஐயாயிரம் ரூபாத் தாளைக் கழியூதா விளக்கின் கீழ் பிடித்துப் பார்ப்பதைக் கனபேர் கண்டிருப்பீர்கள். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத அடையாளங்கள் அங்கே ஒளிர்கின்றன. இந்தப் பண்புக்கு 1852இல் ‘புளோரசன்ஸ்’ என்று பெயர் வைத்தவர் ஜோர்ஜ் ஸ்டோக்ஸ்.

ஆனால் வெறுமனே ஒளிரும் மையைக் கள்ளத்தாள் அடிப்பவனும் தேடிப் பிடிக்கலாம். அதனால்தான், தூண்டினால் ஒளிரும் நிறமே மாறுகின்ற பொருட்களை ஆய்வாளர்கள் தேடுகிறார்கள். அவற்றில் ஒரு வகை, சேதன-அசேதனக் கலப்பு உலோக ஏலைட்டுகள். பெயர்தான் நீளம், அடிப்படையில் இவை உப்புகள். உலோக அயனைச் சுற்றிக் குளோரைட்டு, புரோமைட்டு போன்ற அயன்கள். அவற்றுக்கிடையே சேதன அயன்கள்.

மங்கனீசை எடுத்துக்கொள்வோம். அதைச் சுற்றி நான்கு ஏலைட்டு அயன்கள் நின்றால் பெரும்பாலும் பச்சையாக ஒளிரும். ஆறு நின்றால் சிவப்பாக. உலோகம் ஒன்றுதான், அயலவர்கள் மாற, நிறம் மாறுகிறது. இந்தப் பளிங்குகளின் கட்டு இறுக்கமற்றது. ஆகவே ஈரம், சூடு, கரைப்பானின் ஆவி ஆகியவை அயலவர்களை இடம்மாற்றிவிடும். சிலவற்றைச் சூடாக்கி ஈரத்தை வெளியேற்றினால் பழைய நிறம் திரும்பும்.

சப்பாத்துப் பெட்டிக்குள் வரும் ஈரமுறிஞ்சி மணிகளில் நீலம் இளஞ்சிவப்பாவதைப் பார்த்திருந்தால், இதை விளங்குவது லேசு. அங்கே கோபாற்றைச் சுற்றி நீர் வந்து சேர்கிறது. ஆனால் அது ஒளிர்வதில்லை.

2017இல் சீன ஆய்வாளர்கள், கண்ணுக்குத் தெரியாத ஈயச் சேர்வையொன்றால் அச்சடித்தார்கள். ஏலைட்டு உப்புக் கரைசல் பட்டதும், கழியூதாவின் கீழ் எழுத்து பச்சையாக ஒளிர்ந்தது. மெதனோல் பட்டால் அணைந்தது. உப்புப் பட மீண்டும் வந்தது. ஈயம் நஞ்சு என்பதால், மங்கனீசு, செம்பு உப்புகளின் பக்கம் இப்போது கவனம் திரும்பியிருக்கிறது.

என்னுடைய கரிசனை வேறொன்று. ஈரத்தை உணர்வதுதான் இவற்றில் பலவற்றின் திறமை. அதே ஈரம்தான் அவற்றைக் கரைத்துக் கெடுப்பதும். காய்ந்த ஆய்வுகூடத்தில் தேறிய அடையாளம், எங்கட உப்புக்காற்றில் தானாகவே நிறம் மாறிவிட்டால் என்னாகும்? நல்ல மருந்துப் பெட்டி கள்ளப் பெட்டியாகத் தெரியும்; நேர்மையான வியாபாரிமீது சந்தேகம் விழும். தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், கடலுக்குக் கிட்டவே இருக்கிறது. இந்த உப்புகளை மாரி, கோடை இரண்டிலும் வெளியில் வைத்துச் சோதிக்க அதைவிடத் தோதான இடம் வேண்டுமா?