டிங்கி கிருமியின் எந்தத் துண்டு டி செல்லை எழுப்பும்?

ஈஜோக், ஜெரம், பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத் தோட்டங்களில் டிங்கியைத் தெரியாதவர் இல்லை. மலேசியாவிலேயே அதிகம் பதிவாவது சிலாங்கூரில்தான். காய்ச்சலோடு கிளினிக் போனால் என்எஸ்1 சோதனை எடுப்பார்கள். கிருமி உண்டாக்கும் ஒரு புரதத்தைத் தேடும் சோதனை அது. உடம்பின் நோயெதிர்ப்பு அணுக்களான டி செல்களும் கிருமியின் புரதத்தைத்தான் தேடுகின்றன, ஆனால் முழுசாக அல்ல, துண்டு துண்டாக.

கிருமி புகுந்த செல், கிருமியின் புரதங்களை நறுக்கி, பெரும்பாலும் ஒன்பது அமினோ அமில நீளத்துண்டுகளை எச்எல்ஏ என்ற மூலக்கூறின் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டும். காலைப் பெரட்டில் மண்டோர் முகம் பார்ப்பதுபோல டி செல்கள் ஒவ்வொன்றாகப் பார்த்துப் போகும். அந்நியத் துண்டு என்று தெரிந்தால் அந்தச் செல்லையே அழித்துவிடும்.

டிங்கியின் புரதச் சங்கிலியில் சுமார் 3,400 அமினோ அமிலங்கள். ஓர் இடம் நகர்த்தி நகர்த்தி வெட்டினால் ஏறக்குறைய அத்தனை துண்டுகள். அதிலும் டிங்கி நான்கு வகை. எல்லாவற்றையும் ரத்தத்தில் சோதித்து மாளாது. அதனால் முதலில் கணினி சலிக்கிறது. டென்மார்க்கில் உருவான நெட்எம்எச்சிபேன் போன்ற நிரல்கள், முன்பு சோதித்தவற்றிலிருந்து கற்று, புதுத் துண்டு எந்த எச்எல்ஏவில் ஒட்டும் என்று சொல்லும். எச்எல்ஏ ஆளுக்கு ஆள் மாறும். ஏ11:01 வகைக்குத் துண்டின் கடைசியில் லைசின் வேண்டும். ஏ24:02க்கு இரண்டாம் இடத்தில் டைரோசின் பிடிக்கும். ஒரே கிருமிதான், ஆனால் அடுத்தடுத்த வீட்டுக்காரர்களின் செல்கள் வெவ்வேறு துண்டுகளைக் காட்டலாம்.

ஒட்டும் என்று சொல்வது சுலபமான பாதி. டி செல் விழிக்குமா என்பதுதான் வில்லங்கம். 2013இல் அமெரிக்காவின் லா ஹோயா ஆய்வுக்கழகத்தார், இலங்கை விஞ்ஞானிகளோடு சேர்ந்து இலங்கை ரத்ததானிகளின் ரத்தத்தில் இதைப் பார்த்தார்கள். 27 எச்எல்ஏ வகைகளுக்குக் கணினி தேர்ந்த 8,088 துண்டுகளில் டி செல்லை எழுப்பியவை 408, இருபதில் ஒன்று. மற்றவை எழுப்பாததற்குக் காரணம் இருக்கும்: செல் அந்த இடத்தில் நறுக்காமல் போயிருக்கலாம். துண்டு நம் சொந்தப் புரதத்தைப்போல இருந்தால், அதை அடையாளம் காணும் டி செல்கள் தைமஸ் சுரப்பியிலேயே கழிக்கப்பட்டிருக்கும். ஆகவே ரத்தத்தில் பார்க்காமல் கணினியை மட்டும் நம்பிச் சொல்லும் பட்டியலை நான் பாதிக்கும் குறைவாகவே நம்புவேன்.

எழுப்பிய துண்டுகளில் பெரும்பங்கு என்எஸ்3, என்எஸ்4பி, என்எஸ்5 புரதங்களிலிருந்து வந்தவை. டெங்வாக்சியா தடுப்பூசியில் டிங்கியின் இந்த மூன்றும் கிடையாது. அவற்றின் இடத்தில் இருப்பவை மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிக் கிருமியுடையவை. பின்னால் வந்த கியூடெங்காவில் இரண்டாம் வகை டிங்கியின் என்எஸ் புரதங்கள் இருக்கின்றன.