தானாக உருண்ட பந்து

சென்ற மாதம் வெளியூர்ப் பேருந்து ஒன்றில் பிரயாணம் செய்கையில், ஜன்னலோரம் அமர்ந்திருந்த பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தன் தாயாரின் கைப்பேசியை மடிமீது மல்லாக்க வைத்துக்கொண்டு, திரையில் தெரிந்த புதிர்ப்பாதையினூடே ஒரு சிறு பந்தை, வழியிலுள்ள குழிகளில் விழுந்துவிடாதபடி, இப்படியும் அப்படியும் சாய்த்து உருட்டிச் செல்வதை வெகுநேரம் கவனித்துக்கொண்டிருந்தேன். பந்து வாசலை நெருங்கிய சமயம் ஓட்டுநர் பிரேக்கை அழுத்தினார். பந்து முன்னே பாய்ந்து குழிக்குள் விழுந்தது. "நான் சாய்க்கவே இல்லை தாத்தா, அதுவா ஓடிடுச்சு!" என்று என்னிடம் முறையிட்டான் பையன். அவன் சொன்னது முற்றிலும் உண்மை; ஆனால் கைப்பேசியும் பிழை செய்யவில்லை என்பதுதான் இதிலுள்ள அதிசயம்.

விளையாட்டு என்னவோ பழையதுதான். சுவீடன் தேசத்து பிரியோ நிறுவனம், இரண்டு குமிழ்களைத் திருகி மேல்தட்டைச் சாய்த்து எஃகுக் குண்டை உருட்டும் மரப்பெட்டியாக 1946ஆம் ஆண்டிலேயே இதை வெளியிட்டது. அந்தப் பெட்டியில் குண்டை உருட்டியது பூமியின் ஆகர்ஷண சக்தி. திரையிலுள்ள பந்துக்கோ எடையே கிடையாது. ஆகவே அதற்குப் பதிலாக வேறொன்று எடையை உணர்ந்து சொல்ல வேண்டியிருக்கிறது. கைப்பேசிக்குள், இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரமே உள்ள சில்லு ஒன்றில், சிலிக்கானைச் செதுக்கிச் செய்த நுண்ணிய பாளம் ஒன்று சிலிக்கான் விற்களில் தொங்குகிறது. அதன் ஓரங்களில் சீப்பின் பற்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் விரல்கள், எதிரே அசையாது நிற்கும் வேறு பற்களுக்கிடையே புகுந்து நிற்க, பாளம் எள்ளத்தனை கூட அன்று, தலைமுடியின் கனத்தில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தாலும், அப்பற்களிடையே தேங்கும் மின்சாரத்தின் அளவு மாறிவிடுகிறது. முடுக்கமானி என்று பெயர் பெற்ற இந்தச் சூக்ஷ்ம யந்திரம், கார் மோதும்போது காற்றுப்பையை விரிக்கும் பொருட்டு 1990களில் மோட்டார் வாகனங்களுக்குள் புகுந்து, 2006இல் நின்டெண்டோவின் வீ கைப்பிடியிலும், 2007இல் ஐபோனிலும் இடம்பிடித்தது.

மேஜைமீது சும்மா கிடக்கும் கைப்பேசியில் இம்மானி பூஜ்யம் காட்டும் என்றுதானே நினைப்போம்? அது விநாடிக்கு விநாடி 9.8 மீட்டர் என்று, அதுவும் மேல்நோக்கிக் காட்டுகிறது. ஏனெனில் அது உணர்வது ஆகர்ஷணத்தை அன்று, விழவிடாமல் தாங்கும் மேஜையின் விசையையே. கைதவறி விழுந்துகொண்டிருக்கும் கைப்பேசியில்தான் பூஜ்யம் தெரியும். விழுகிற மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்று 1907இல் பெர்ன் நகரத்துக் காப்புரிமை அலுவலகத்தில் அமர்ந்து ஐன்ஸ்டைன் சிந்தித்தாரே, அந்தத் தத்துவம் இன்று சிறுவர்களின் மடியில் கிடக்கிறது. 30 பாகை சாய்த்தால் 9.8இல் பாதி அந்தப் பக்கத்து அச்சில் விழும். ஆனால், பேருந்தின் வேகம் விநாடிக்கு விநாடி 3 மீட்டர் குறைந்தாலும், யாரோ 17 பாகை சாய்த்துவிட்டாற்போன்ற விகிதமே மானிக்குக் கிடைக்கும். அந்த விகிதத்தை மட்டும் கொண்டு இரண்டையும் பிரித்தறிய அதற்கு வழியே இல்லை.

பிரித்தறிய வேண்டுமானால் திருப்பத்தை மட்டும் உணரும் சுழல்மானி துணைக்கு வரவேண்டும். இத்தகைய மானி ஈக்கும் உண்டு: அதன் முதுகில், பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில், குண்டூசி போன்ற இரு சிறு தண்டுகள் பறக்கையில் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கின்றன. உடல் திரும்பும்போது, துடிப்பவற்றைப் பக்கவாட்டில் தள்ளும் விசை ஒன்று தோன்ற, அதைக்கொண்டு ஈ தன் நிலையை அறிகிறது. 1835இல் கோரியோலிஸ் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி கணித்த இதே விசைதான், சில்லுக்குள் துடிக்கும் சிலிக்கான் துணுக்கையும் தள்ளுகிறது. மேஜைமீது தட்டையாகச் சுழற்றும் கைப்பேசி திரும்பியதை முடுக்கமானி அறியாது, சுழல்மானி அறியும். ஆனால் இதன் சிறு பிழைகள் நிமிஷத்துக்கு நிமிஷம் சேர்ந்து பெருகுவதால், இரண்டையும் கலந்தே விளையாட்டு அமைப்போர் கணக்கிடுகின்றனர். மோட்டார்ப் பந்தய விளையாட்டுக்கு அது உதவும். பந்துக்கு வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மரப்பெட்டியைப் பேருந்தில் வைத்திருந்தாலும் எஃகுக் குண்டு அப்படித்தானே ஓடியிருக்கும்!

நம் செவிக்குள்ளும் இவ்விரு மானிகளும் உண்டு: திருப்பத்தை உணரும் மூன்று அரைவட்டக் குழாய்கள், சாய்வை உணர, மெல்லிய மயிரிழைகள்மீது அமர்ந்த சுண்ணாம்புப் படிகங்கள். கும்மிருட்டில் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்திலிருந்து விசையுடன் கிளம்பும் விமானியை, வேக மாற்றத்தையும் சாய்வையும் பிரித்தறியாத இந்தப் படிகங்கள் ஏமாற்றி, விமானத்தின் மூக்கு மேலே தூக்கிவிட்டது என்று நம்பவைக்க, அவர் அதைக் கீழே தாழ்த்திக் கடலில் வீழ்ந்த துர்ச்சம்பவங்கள் உண்டு.

இவற்றுள் பாதியைத்தான் அந்தப் பையனிடம் சொல்லியிருப்பேன். கேட்டுக்கொண்டே மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினான். அடுத்த நிறுத்தம் நெருங்கி ஓட்டுநரின் கால் பிரேக்கை நோக்கிப் போனபோது, திரையை விட்டுக் கண்ணெடுக்காமல், கைப்பேசியின் முன்விளிம்பை மெல்ல உயர்த்தினான். பந்து நின்ற இடத்திலேயே நின்றது.