தாயின் 24 மணித்தியாலம்

இடம்பெயர்ந்த குடும்பங்களைச் சந்திக்கும்போது நாம் ஒரு சிறு பயிற்சி செய்வதுண்டு. நிலத்திலே வட்டம் கீறி, தாயிடம் 24 புளியங்கொட்டைகளைக் கொடுப்போம். ஒரு கொட்டை ஒரு மணித்தியாலம். நேற்றைய நாளை அதிலே பிரித்து வைக்கச் சொல்வோம்.

கூலிக்குக் கச்சான் பிடுங்கப் போகும் ஒரு தாய் இவ்வாறு வைத்தார்: நித்திரைக்கு 6, போக்குவரவோடு தோட்ட வேலைக்கு 9, சமையலுக்கு 3, தண்ணீருக்கும் விறகுக்கும் 2, துவைத்தல், கூட்டுதல், ஆடு கோழி பார்த்தலுக்கு 2, தன் குளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் 1, பிள்ளைகளைக் குளிப்பாட்டித் தூங்கவைக்க 1. கொட்டைகள் முடிந்துவிட்டன.

"தோட்டத்தில் நின்ற நேரம் கைக்குழந்தையை யார் பார்த்தது?" என்று கேட்டோம். "மூத்தவள்" என்றார். மூத்தவளுக்கு 12 வயது. அன்று அவள் பள்ளிக்கூடம் போகவில்லை.

தாய்க்கு நேரம் போதாதபோது, அது மூத்த பெண்பிள்ளையின் படிப்பிலிருந்தே எடுக்கப்படுகிறது. இலங்கையில் 5 முதல் 16 வயது வரை பள்ளிக்கல்வி கட்டாயம் என்பதை நாம் மறக்கலாகாது.

பின்னர் தந்தையும் வைத்தார். நித்திரைக்கு 8, வேலைக்கு 9, குளிப்புக்கும் சாப்பாட்டுக்கும் 2. மிகுதி 5 கொட்டைகளை எங்கே வைப்பதென்று யோசித்து, சந்திப் பக்கம் வைத்தார். அவரைக் குறை கூற இதை எழுதவில்லை. எண்ணிப் பார்க்கும்வரை அவருக்கும் இது தெரிந்திருக்கவில்லை. 2017இல் அரசு நாடெங்கும் எடுத்த நேரப் பயன்பாட்டு அளவீட்டிலும் வீட்டு வேலையின் பெரும்பங்கு பெண்களிடமே இருக்கக் காணப்பட்டது.

சொந்த ஊரில் கிணறு வளவுக்குள் இருந்தது. அம்மம்மாவும் சித்தியும் பக்கத்து வளவில் இருந்தார்கள். இடம்பெயர்ந்தபின் கிணறு தூரமாயிற்று, உறவினர் சிதறினர். வேலைப் பங்கீடு மாத்திரம் மாறவில்லை.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யலாம்.

முதலாவது, தண்ணீரையும் விறகையும் தந்தை பொறுப்பேற்றால் தாய்க்கு 2 மணித்தியாலம் கிடைக்கும். தந்தைக்கு இன்னும் 3 மிஞ்சும்.

இரண்டாவது, அயலிலுள்ள நாலைந்து வீட்டார் சேர்ந்து, நம்பிக்கையான ஒரு முதியவரிடம் குழந்தைகளை விடலாம். ஒவ்வொரு வீட்டாரும் பிடியரிசி சேர்த்து அவருக்குக் கொடுக்கலாம். மாதர் சங்கக் கூட்டத்தில் இதைப் பேசி ஒழுங்கு செய்வது நல்லது.

மூன்றாவது, பிறந்து 6 மாதம்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். சம்பளத்துக்கு வேலை செய்யும் தாய்க்குச் சட்டம் 84 நாள் பிரசவ விடுமுறை தருகிறது. சொந்தத் தோட்டத்திலே பாடுபடும் தாய்க்கு அந்த விடுமுறையை வீட்டார்தான் கொடுக்க வேண்டும்.

இன்றிரவு சாப்பிட்டபின் உங்கள் வீட்டிலும் கொட்டைகளை வைத்துப் பாருங்கள். தாய், தந்தை இருவரும் வையுங்கள். மூத்த பிள்ளையிடமும் 24 கொட்டைகளைக் கொடுங்கள். பள்ளிக்கூடத்துக்கு அவள் எத்தனை வைக்கிறாள் என்று பார்த்துவிட்டு, நாளைய வேலையைப் பிரியுங்கள்.