மிளகு மாத்திரை மருந்தாகுமா?

ஏற்காட்டுக் காபித் தோட்டங்களின் நிழல் மரங்களில் படரும் மிளகுக்கு, அதன் காரத்தைத் தரும் பைப்பரின் வழியாகப் புற்றுநோய் ஆய்விலும் ஓர் இடம் உண்டு.

தொடக்கத்தில் பலனளித்த கீமோதெரபி சிலருக்குப் பின்னர் பயனற்றுப் போவது ஏன்? 1976-இல் ஜூலியானோ, விக்டர் லிங் ஆகியோர் கனடாவில் ஒரு விடை கண்டனர். மருந்தை எதிர்த்துப் பிழைத்த செல்களின் உறையில் பி-கிளைகோபுரோட்டீன் என்னும் புரதம் மிகுந்திருந்தது. உள்ளே நுழையும் மருந்தை வெளியே இறைக்கும் பம்பு அது. டாக்சோரூபிசின், வின்கிரிஸ்டின், பாக்ளிடாக்செல் என ஒன்றுக்கொன்று தொடர்பற்ற மருந்துகளையும் அது வெளியேற்றும்.

ஆய்வகச் செல்களில் அந்தப் பம்பைப் பைப்பரின் தடுக்கிறது. அதனால் நோயாளிகள் மிளகுச் சாற்று மாத்திரைகளைத் தாமாக உட்கொள்ளலாமா? கூடாது என்பேன். அதே பம்புதான் மூளையையும் குடலையும் நஞ்சிலிருந்து காக்கிறது. மருந்தைச் சிதைக்கும் நொதிகளையும் பைப்பரின் தடுப்பதால், மருந்து உடலில் தேங்கி நஞ்சாகக்கூடும். 1980-களில் நம்பிக்கையூட்டிய வெராபமில் போன்ற தடுப்பான்களும் நோயாளிகளிடம் எதிர்பார்த்த பலனைத் தரவில்லை. ரசத்திலுள்ள மிளகைப் பற்றி நான் பேசவில்லை. செறிவூட்டிய மாத்திரையைப் பற்றியே எச்சரிக்கிறேன்.

வெவ்வேறு வழிகளில் தாக்கும் மருந்துகளைச் சேர்த்து, குறித்த நாளில் தருவதே இன்றும் முதன்மையான உத்தி. தவணை தள்ளிப்போனால் எஞ்சிய செல்கள் பெருக அவகாசம் கிடைக்கும். ஆகவே, சேர்வராயன் மலைக் கிராமங்களிலிருந்து சேலத்துக்கு இறங்கிவரும் நோயாளிக்குப் பயண உதவியும் தங்குமிடமும் அளிப்பது கருணையன்று. சிகிச்சையின் ஒரு பகுதி.