பதினெட்டு வயதுக்குப் பிறகு எங்கே?

அறிவுசார் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கென்று காவிரிப் படுகை மாவட்டங்களில் சிறப்புப் பள்ளிகள் இருக்கின்றன. துறவறத்தாரும் தொண்டு நிறுவனங்களும் அவற்றை நடத்தி வருகிறார்கள். காலையில் வேன் வரும். பிள்ளை சீருடையோடு போய் வரும். தாயும் சில மணி நேரம் மூச்சு விடுவார். ஆனால் அந்தப் பிள்ளைக்குப் பதினெட்டு வயது நிறைந்ததும் என்ன ஆகிறது என்று நாம் கேட்டுப் பார்த்திருக்கிறோமா?

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. உயர்கல்வி நிறுவனங்களில் 5 விழுக்காடு இடங்களை ஒதுக்கவும் சொல்கிறது. ஆனால் பிளஸ் டூ தேர்வு எழுத முடியாத பிள்ளைக்கு அந்த இடத்தால் என்ன பயன்? பல வீடுகளில் நடப்பது இதுதான்: வேன் வருவது நின்றுவிடுகிறது, பிள்ளை திண்ணையில் உட்கார்ந்துவிடுகிறது. பள்ளியில் கற்றுக்கொண்டவை பழக்கம் விட்டுப்போய் ஒவ்வொன்றாக மறக்கின்றன. பெற்றோருக்கோ வயது ஏறிக்கொண்டே போகிறது. "எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?" வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் நடந்து செல்வோரில் இந்தக் கேள்வியைச் சுமந்து செல்வோர் எத்தனை பேர் என்பது அன்னைக்குத்தான் தெரியும்.

வேறு சில நாடுகளில் இந்த வயதினருக்குக் கல்லூரி உண்டு. கல்லூரி என்றதும் பட்டம், தேர்வு என்று எண்ண வேண்டாம். சமைப்பது, துணி துவைப்பது, கடைக்குப் போய் வருவது, நண்பர்களோடு பழகுவது, ஒரு வேலையைத் தொடங்கி முடிப்பது ஆகியவையே பெரும்பாலும் பாடம். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் 1987-இல் இத்தகைய இளைஞர்கள் மற்ற மாணவர்களோடு சேர்ந்து வகுப்பில் அமரத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் 2014-ஆம் ஆண்டுச் சட்டப்படி, தேவைப்படுவோருக்கு 25 வயது வரை கல்வி உதவி நீடிக்கலாம். அங்கே மைன்ஹெட் என்னும் கடற்கரை ஊரில் ஃபாக்சஸ் அகாடமி என்ற கல்லூரி ஓர் ஓட்டலையே வகுப்பறையாக வைத்திருக்கிறது. அறையைச் சுத்தம் செய்வதும் விருந்தினருக்கு உணவு பரிமாறுவதும்தான் அங்கே படிப்பு.

நம் நாட்டிலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. மும்பையில் சோபியா கல்லூரி வளாகத்திலேயே 1970-இல் தொடங்கப்பட்ட சாதனா பள்ளி, வளர்ந்த மாணவர்களுக்குச் சமையல், அலுவலக உதவி போன்ற தொழில்களைக் கற்பித்து வந்திருக்கிறது. கேரளத்தில் 2004-இல் வெங்ஙானூர் ஊராட்சியில் தொடங்கிய 'பட்ஸ்' பள்ளிகளை உள்ளாட்சிகள் குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பின் துணையோடு நடத்துகின்றன. பதினெட்டைக் கடந்தவர்களுக்கு அங்கே தனி மறுவாழ்வு மையங்களும் உண்டு. நமக்கு அருகே திருச்சி ஹோலி கிராஸ் கல்லூரியில் மறுவாழ்வு அறிவியல் துறை இருக்கிறது. கற்பிப்பவர்களை உருவாக்கும் கல்லூரி பக்கத்திலேயே இருக்க, இந்த இளைஞர்கள் தாமே போய்ச் சேரும் கல்லூரிதான் டெல்டாவில் எளிதில் கிடைப்பதில்லை.

கற்பிக்கும் முறைக்காக நாம் கடல் கடந்து போக வேண்டியதில்லை. சென்னை விஜய் ஹியூமன் சர்வீசஸ் நிறுவனத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் வளர்ச்சித் திட்ட முறை' இந்தியாவெங்கும் சிறப்பாசிரியர்களுக்குத் தெரிந்த ஒன்று. உண்பது, உடுப்பது முதல் பணம், நேரம், தொழில் வரை 18 துறைகள், ஒவ்வொன்றிலும் 20 படிகள், ஆக மொத்தம் 360. பிள்ளைக்கு என்ன குறை என்று அது கேட்பதில்லை. இதைச் செய்ய முடிகிறதா, இன்னும் முடியவில்லையா என்று மட்டுமே பார்க்கிறது. அடுத்துக் கற்பிக்க வேண்டியது எது என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும்.

ஒரு சட்டை போடுவதை எடுத்துக்கொள்வோம். கடைசிப் பொத்தானைத் தவிர எல்லாவற்றையும் நாமே போட்டுவிட்டு, அதை மட்டும் பிள்ளையிடம் விட வேண்டும். அது பழகியதும் கடைசி இரண்டு. இப்படிப் பின்னிருந்து முன்னே வந்தால், ஒவ்வொரு முறையும் வேலையை முடித்த மகிழ்ச்சி பிள்ளைக்கே கிடைக்கிறது. முதலில் கையைப் பிடித்துச் செய்விக்கலாம். பிறகு தொட்டுக் காட்டினால் போதும், பிறகு சாடை, பிறகு ஒரு சொல். கடைசியில் சும்மா காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்புதான் கடினம். திருப்பலிக்கு மணி அடித்துவிட்டால் நாமே பொத்தானை மாட்டிவிடுகிறோம்!

சோறு ஆக்குவதும் அப்படியே. கேஸ் அடுப்பு பயம் என்றால் மின்சாரக் குக்கர் இருக்கிறது. வெந்ததும் தானே சூடு தணிந்துவிடும். அரிசிக்கு ஒரு டம்ளர், தண்ணீருக்குப் பாத்திரத்தில் பெயிண்டால் ஒரு கோடு. எண்ணத் தெரியாதவரும் கும்பகோணத்து வெற்றிலையைக் கவுளி கட்டலாம். பத்துப் பள்ளம் உள்ள பலகையில் பள்ளத்துக்கு ஒரு வெற்றிலை வைத்தால் பத்து ஆயிற்று. அப்படிப் பத்து அடுக்கு சேர்ந்தால் நூறு, ஒரு கவுளி. பேருந்தில் போகப் பழக்குவதும் முன்பைவிட எளிது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 முதல் மாற்றுத்திறனாளிகளுக்கும் உடன் செல்லும் ஒருவருக்கும் கட்டணமில்லாப் பயணம் வந்துவிட்டதால், சில்லறை எண்ணும் படி ஒன்று குறைந்தது.

பழைய கிராமம் இவர்களை நன்றாகவே வைத்திருந்தது என்று சிலர் சொல்வார்கள். அது பாதி உண்மை. மாடு ஓட்ட, களத்தில் நெல் காயும்போது கோழி விரட்ட, நாற்றுக்கட்டு தூக்க இவர்களுக்கு ஓர் இடம் இருந்தது. கூலி இருந்ததா என்பது வேறு கதை. இப்போது குறுவையும் சம்பாவும் நடவு இயந்திரத்தாலும் அறுவடை இயந்திரத்தாலும் நடக்கின்றன. அந்த இடமும் போய்விட்டது.

மிகப் பெரிய தடை எது என்று கேட்டால், நம் பாசம்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. இருபது வயது மகனுக்கு ஊட்டிவிடும் தாயை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த மகனுக்கு நாற்பது வயதாகும்போது அவனைக் குளிப்பாட்டத் தாயின் உடலில் வலு இருக்குமா? பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கடினம். பயத்தினால் வீட்டுக்குள்ளேயே வைத்துவிடுகிறோம். மாதவிடாய் நாள்களில் தன்னைப் பார்த்துக்கொள்வதும், தவறாகத் தொடுபவரிடம் "வேண்டாம்" என்று உரக்கச் சொல்வதும் அவர்களுக்குக் கற்பிக்க வேண்டிய பாடங்கள். பூட்டிய கதவு இதைக் கற்பிக்காது.

பெற்றோர் பலர் அறியாத ஒன்றும் உண்டு. பதினெட்டு வயதானதும், தாய் தந்தை என்ற காரணத்தால் மட்டும் பிள்ளைக்காகச் சட்டப்படி கையெழுத்திட முடியாது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடம் மனுச் செய்து பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். இப்போதே செய்து வைத்தால் பிறகு சொத்துப் பிரச்சினையில் அண்ணன் தம்பிகளுக்குள் மனத்தாங்கல் குறையும். மனவளர்ச்சி குன்றியோருக்கான தமிழக அரசின் பராமரிப்பு உதவித்தொகை 2023-இல் மாதம் 2,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணத்தில் நூறு ரூபாயாவது பிள்ளையின் கையில் கொடுத்து, அவர் விரும்பியதை அவரே கடையில் வாங்கும்படி விட்டால் அதுவும் வகுப்புதான்.

நம் பங்கு மன்றங்கள் பல, வார நாள்களில் பூட்டியே கிடக்கின்றன. அங்கே தண்ணீர்க் குழாய் உண்டு, கழிப்பறை உண்டு, திருவிழா அசனத்துக்கு வாங்கிய பாத்திரங்களும் அன்பியக் கூட்டத்துக்கு வாங்கிய பாய்களும் உண்டு. பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவர், பக்கத்துத் தெருக்களிலிருந்து ஐந்து இளைஞர்கள், அவர்களோடு பொறுமையாக இருக்கக்கூடிய இளையோர் இயக்கத்தினர் இரண்டு பேர் என்று வாரத்துக்கு இரண்டு நாள் கூடினால் போதும். முதல் நாள் அரிசி கழுவுவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.