பொட்டு வைத்த இடம் வெளுக்கும்போது

காமயகவுண்டன்பட்டியில் திராட்சைத் தோட்ட வேலைக்குக் கிளம்பும் பெண்களில் பலரும் ஒட்டுப்பொட்டையே விரும்புகின்றனர். குங்குமம் வியர்வையில் வழிந்துவிடும். ஒட்டுப்பொட்டோ கவாத்து முடிந்து வீடு திரும்பும்வரை நிற்கும். வீரபாண்டித் திருவிழாக் கடைகளில் அட்டை அட்டையாக வாங்கி வைத்துக்கொள்வோரும் உண்டு.

ஆண்டுக்கணக்கில் வைத்துவந்த பொட்டின் அடியில் ஒரு நாள் அரிப்பு தொடங்குகிறது. பின்னர், பொட்டின் அளவிலேயே தோல் வட்டமாக வெளுக்கிறது. உடனே வீட்டில் எழும் சொல் 'வெண்குட்டம்'. மணமாகாத மகளாயின், நெற்றியைவிட வரனைப் பற்றிய கவலையே பெரிதாகிவிடுகிறது.

அவ்வாறு அஞ்ச வேண்டியதில்லை. பொட்டின் பின்புறப் பசையில் பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்னும் வேதிப்பொருள் இருப்பதுண்டு. அது சிலருக்கு ஒவ்வாமையை உண்டாக்குகிறது. தோலுக்கு நிறந்தரும் உயிரணுக்களையும் அழிக்கிறது. அரிப்பே இல்லாமல் வெளுப்பதும் உண்டு. இது பிறருக்குத் தொற்றாது. வெண்புள்ளி நோயும் தொற்றுவதன்று. தொழுநோய் வேறு, வெளிறிய இடத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் மட்டும் தாமதியாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

'இத்தனை ஆண்டுகள் வராதது இப்போது எப்படி வரும்?' என்று கேட்கிறார்கள். ஒவ்வாமையின் இயல்பே அதுதான். பலமுறை தொட்டுப் பழகிய பொருளையே உடல் ஒரு நாள் பகையாக அடையாளங்காண்கிறது. தலைச்சாயத்திலுள்ள பாராபெனிலீன்டையமீனும் இவ்வாறே. பத்தாண்டுகள் பூசியவருக்கும் திடீரென முகம் வீங்கலாம்.

பொட்டை உடனே நிறுத்துவதே முதல் மருந்து. தொடக்கத்திலேயே நிறுத்தியவர்களில் சிலருக்குச் சில மாதங்களில் நிறம் திரும்புகிறது; எல்லோருக்கும் என்று உறுதிகூற இயலாது. பொட்டை வேறிடத்திற்கு நகர்த்தி வைப்பதால் பயனில்லை, அங்கும் வெளுக்கும். குங்குமத்திற்கு மாறினாலும் கவனம் தேவை. மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த பழைய குங்குமம் வேறு, செயற்கைச் சாயமேற்றிய மலிவுத் தூள் வேறு.

மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு களிம்பு அரிப்பை அடக்கும். ஆனால் முகத்தில் தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து சிவக்கும், பருக்கள் எழும். இத்தகைய களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதென 2018இல் அரசு ஆணையிட்டது. அண்டை வீட்டார் பரிந்துரைப்பதை அது தடுக்கவில்லை என்பது எங்கள் வருத்தம்.

காரணத்தை உறுதிசெய்ய ஒட்டுச் சோதனை உண்டு. 1895 முதல் வழக்கிலுள்ள முறை. முதுகில் சிறு ஒட்டுகளை இட்டு, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்போம். ஓரிரு நாள் சென்று மீண்டும் பார்ப்போம். அதுவரை முதுகு நனையவோ வியர்க்கவோ கூடாது. ஆகவே, தோட்டத்தில் வேலை குறைவான நாட்களைத் தேர்ந்துகொள்ளுங்கள். வரும்போது, பயன்படுத்திய பொட்டு அட்டை, சாயப் பொட்டலம், களிம்புக் குழாய் ஆகியவற்றை உறையோடு எடுத்துவாருங்கள்.