159 மீட்டர் போதும்

குன்றுகளின் வழியே – 9

சென்ற வாரம் ஸ்காஃபெல் பைக் உச்சியில் நிறுத்தியிருந்தோம். 978 மீட்டர், இங்கிலாந்தில் அதைவிட உயரம் வேறில்லை. அரை நாள் மூச்சிரைக்க ஏறிப்போனால், பெரும்பாலும் மேகத்துக்குள்தான் நிற்க வேண்டியிருக்கும். இந்த வாரம் அங்கிருந்து தெற்கே, கடலோரத்துக்கு இறங்குவோம். மோர்கம்ப் வளைகுடாவின் கரையில் ஆர்ன்சைடு நாட் என்றொரு குன்று இருக்கிறது. உயரம் 159 மீட்டர். ஸ்காஃபெல் பைக்கில் ஆறில் ஒரு பங்குதான்.

இங்கிலாந்துக்குப் போகிற நண்பர்கள், ஒரே ஒரு குன்றுதான் ஏற நேரமிருக்கிறது, எதில் ஏறலாம் என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். ஏன் என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதல் காரணம் எளிய கணக்கு. மலையின் உயரம் என்று வரைபடத்தில் போட்டிருப்பது கடல் மட்டத்திலிருந்து கணக்கிட்டது. நம் கண்ணுக்கு வேண்டியதோ, சுற்றியுள்ள நிலத்தைவிட அது எவ்வளவு எழுந்து நிற்கிறது என்பது. 600 மீட்டர் மலைக்குப் பக்கத்திலேயே 700 மீட்டர் மலை நின்றால் காட்சி மறைந்துவிடும். ஆர்ன்சைடு நாட்டின் அடிவாரமே கடல் மட்டம். ஏறுகிற ஒவ்வொரு மீட்டரும் பார்வைக்கு வரவு. ஆலன் டாசன் 1992-ல் பிரிட்டனின் மலைகளை இந்த முறையில் அளந்து ஒரு பட்டியல் வெளியிட்டார். உயரம் எத்தனையானாலும் சரி, சுற்றுப்புறத்திலிருந்து குறைந்தது 150 மீட்டர் தனித்து எழுந்திருந்தால் அதில் இடமுண்டு. ஆர்ன்சைடு நாட் மயிரிழையில் அந்தப் பட்டியலுக்குள் வந்துவிட்டது. ஆயிரம் மீட்டர் தாண்டிய ஸ்காட்லாந்து மலைகளோடு ஒரே பட்டியலில் இந்தக் குட்டிக் குன்றும் இருக்கிறது.

ரயில் கொண்டுவந்த மாற்றம்

லங்காஸ்டரில் ரயில் மாறி, கார்ன்ஃபோர்த், சில்வர்டேல் தாண்டினால் ஆர்ன்சைடு. கார்ன்ஃபோர்த் நிலையத்தைப் பழைய சினிமா ரசிகர்களுக்குத் தெரிந்திருக்கும். டேவிட் லீனின் 'பிரீஃப் என்கவுன்ட்டர்' படத்தின் ரயில் நிலையக் காட்சிகள் 1945-ல் அங்கேதான் எடுக்கப்பட்டன.

ஆர்ன்சைடில் இறங்கியதும் கண்ணில் படுவது கென்ட் நதியின் கழிமுகத்தைக் கடக்கும் ரயில் பாலம். ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளம், 50 தூண்கள். 1857-ல் கட்டினார்கள். அதற்கு முன்பு நதியில் மேலே இருக்கும் மில்ன்தோர்ப்வரை கப்பல்கள் போய்வந்தன. பாலம் வந்ததும் கப்பலுக்கு வழி அடைபட்டது. மில்ன்தோர்ப் துறைமுகம் படுத்துவிட்டது. அதற்கு ஈடாக ரயில் கம்பெனி ஆர்ன்சைடில் ஒரு படகுத்துறை கட்டிக்கொடுத்தது. இன்று அங்கே படகைவிட, கடல் ஓதம் ஏறி வருவதைப் பார்க்கக் கூடும் மனிதர்கள்தான் அதிகம்.

ஊரைத் தாண்டி மரங்களுக்கு நடுவே பாதை ஏறுகிறது. முக்கால் மணி நேர நடை. கஷ்டமான இடம் என்று எதுவுமில்லை. மரங்கள் விலகும் இடத்தில் திசைகாட்டும் பலகை ஒன்று வைத்திருக்கிறார்கள், எந்த மலை எங்கே என்று பெயரோடு. வடக்கே லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகள் வரிசையாக நிற்கின்றன. கீழே பாலம், அதில் இரண்டு பெட்டிகளோடு ஊர்ந்துபோகும் ரயில், எதிர்க்கரையில் கிரேஞ்ச் ஓவர் சாண்ட்ஸ் ஊரின் வீடுகள். மேற்கே மணலும் நீரும் கலந்த வெளி.

இங்கேதான் குன்று தாழ்வாக இருப்பதன் இரண்டாவது லாபம் தெரியும். பெரிய மலையிலிருந்து பார்த்தால் கீழே உள்ளதெல்லாம் தட்டையாகிவிடும். ஊர் ஒரு புள்ளி, ஆறு ஒரு கோடு. 159 மீட்டரில் அப்படியில்லை. நாயோடு கரையில் நடக்கிறவரும் தெரிகிறார், எதிரே 700, 800 மீட்டர் மலைகளும் தெரிகின்றன.

ஓதம் வரும் வழி

மோர்கம்ப் வளைகுடாவில் ஓதம் இறங்கும்போது சுமார் 310 சதுர கிலோமீட்டர் மணலும் சேறும் வெளியே வரும். பிரிட்டனில் இதைவிடப் பெரிய ஓதவெளி கிடையாது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய பெரிய ஓதங்களில் நீர்மட்டம் 10 மீட்டர்வரை ஏறி இறங்குகிறது. மணல்வெளி கிட்டத்தட்ட சமதளம் என்பதால், மட்டம் சிறிது ஏறினாலே நீர் வெகுதூரம் பாய்ந்துவிடும். ஓடும் குதிரையை ஓதம் முந்தும் என்பது இந்தக் கரையில் பழைய பேச்சு. கழிமுகம் குறுகும் இடத்தில் நீரின் முகப்பு ஓர் அலையாக எழுந்து ஆற்றை எதிர்த்து உள்ளே வரும். அது வருமுன் ஆர்ன்சைடில் சங்கு ஊதுவார்கள். வெளியே நிற்பவர்கள் கரையேற வேண்டிய நேரம்.

மேலிருந்து பார்க்கும்போது தெரியும் முக்கியமான விஷயம், நீர் நேராக முன்னேறி வருவதில்லை என்பது. மணலில் உள்ள வாய்க்கால்களில் முதலில் நிறைகிறது. சுற்றிவந்து பின்பக்கமாக அடைக்கிறது. மணல் திட்டில் நிற்பவருக்கு முன்னால் காய்ந்த தரைதான் தெரியும். கரைக்குத் திரும்பும் வழி அதற்குள் மூழ்கியிருக்கும். போதாக்குறைக்குப் புதைமணல். அது இருக்கும் இடமும் ஆற்றின் போக்கோடு மாறிக்கொண்டே இருக்கும்.

ரயில் வருமுன் இந்த மணல்வெளியே நெடுஞ்சாலை. குதிரை வண்டிகள் இதில்தான் ஓடின, பலர் செத்தார்கள். அதனால் 16-ஆம் நூற்றாண்டிலிருந்தே மணலைக் கடக்க அரச வழிகாட்டி ஒருவரை நியமித்து வருகிறார்கள். செட்ரிக் ராபின்சன் என்ற மீனவர் 1963 முதல் 2019 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். ஆண்டுச் சம்பளம் 15 பவுண்டு, குடியிருக்க ஒரு வீடு. கைத்தடியால் மணலைச் சோதித்து, லாரல் கிளைகளை அடையாளமாக நட்டு வழி குறிப்பார். ஆயிரக்கணக்கானவர்களை ஆர்ன்சைடிலிருந்து எதிர்க்கரைக்கு நடத்திச் சென்றிருக்கிறார். 2021-ல் காலமானார். இன்றும் வழிகாட்டி உண்டு. அவரோடுதான் மணலைக் கடக்க வேண்டும்.

காலுக்கடியில் ஒரு கடல்

இனிப் பார்வையைக் கீழே இறக்குவோம். இந்தப் பகுதியின் குன்றுகள் முழுக்கச் சுண்ணாம்புக்கல். ஏறத்தாழ 33 கோடி ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில், வெதுவெதுப்பான ஆழமற்ற கடலுக்கு அடியில் கிடந்தது. பவளங்களும் சிப்பிகளும் செத்துப் படிந்து கல்லாயின. இன்று அதே கல்லின் மேல் நின்று வேறொரு கடலைப் பார்க்கிறோம்.

கல்லின் அடுத்த கதை பனியுகத்தில். பனியாறுகள் மேல் மண்ணை வழித்துக்கொண்டு போய், பாறையைச் சமமாகச் சுரண்டி வைத்தன. பிறகு மழை வேலையைத் தொடங்கியது. காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயு கலந்த மழைநீர் லேசான அமிலம். பாறையின் விரிசல்களில் இறங்கிச் சுண்ணாம்பைக் கரைத்துக் கரைத்து, அவற்றை ஆழமான இடுக்குகளாக்கியது. இடுக்குகளுக்கு நடுவே மேசை மேசையாகப் பாறைத் திட்டுகள். கோடையில் வெடித்த ஏரிப்படுகை அப்படியே கல்லானால் எப்படி இருக்கும், அப்படி. சில்வர்டேலுக்குப் பக்கத்தில் கெய்ட் பாரோஸ் என்ற இடத்தில் இத்தகைய பாறைத்தளம் நன்றாக அமைந்திருக்கிறது.

மேலோட்டமாகப் பார்த்தால் மொட்டைப் பாறை. குனிந்து பார்த்தால் ஒவ்வொரு இடுக்கும் ஒரு தோட்டம். காற்று படாத, ஆடு வாய் வைக்க முடியாத நிழலில் பெரணிகள் வளர்கின்றன. யூ மரங்களும் ஜூனிபரும் இடுக்கிலிருந்து தலைநீட்டி, காற்றுக்குப் பயந்து பாறையோடு படிந்து கிடக்கின்றன. மேலே விழும் மழையெல்லாம் உள்ளே இறங்கிவிடுவதால், இவ்வளவு மழை பெய்யும் ஊரில் குன்றின் மேல் ஓர் ஓடைகூடப் பார்ப்பது அரிது.

இந்தக் கல்லை மனிதர்கள் சும்மா விடவில்லை. முன்பு இங்கே ஊருக்கு ஊர் சுண்ணாம்புக் காளவாய்கள் எரிந்தன. அவற்றின் இடிபாடுகள் நடைபாதையோரம் இன்னும் நிற்கின்றன. அது வயலுக்கும் வீட்டுக்குமான சுண்ணாம்பு. பிந்தைய கொள்ளைதான் மோசம். மழை செதுக்கிய மேற்பரப்பு அழகாக இருக்கிறது என்று, வீட்டுத் தோட்டங்களில் அலங்காரமாக வைப்பதற்குப் பாறைத்தளத்தையே பெயர்த்து விற்றார்கள். கெய்ட் பாரோஸிலும் ஒரு பகுதி அப்படிப் போயிற்று. 1977-ல் அது தேசிய இயற்கைக் காப்பகமானது. 1981-ன் வனவிலங்கு, நாட்டுப்புறச் சட்டத்தில் சுண்ணாம்புப் பாறைத்தளத்துக்கென்றே ஒரு பிரிவு சேர்த்தார்கள். அதன்படி ஆணையிட்டுப் பாதுகாத்த இடத்தில் கல்லைப் பெயர்ப்பது குற்றம். பல்லாயிரம் ஆண்டு மழை செய்த வேலையை மறுபடி செய்துகொள்ள வழியில்லை என்பதை அரசு ஒப்புக்கொண்ட சட்டம் அது.

பாதுகாப்பு என்றால் தொடாமல் விடுவது மட்டுமல்ல என்பதையும் இங்கே பார்க்கலாம். ஹை பிரவுன் ஃபிரிட்டிலரி என்ற பட்டாம்பூச்சி பிரிட்டனில் அருகிவிட்டது. அது எஞ்சியிருக்கும் சில இடங்களில் இந்த வளைகுடாவைச் சுற்றிய சுண்ணாம்புக் குன்றுகளும் உண்டு. அதன் புழு தின்பது வயலட் செடியின் இலையை. அந்தச் செடிக்கு வெயில் வேண்டும். குன்றை அப்படியே விட்டால் மரமும் புதரும் மூடி வெயிலை மறைத்துவிடும். ஆகவே அங்கங்கே மரத்தை வெட்டுகிறார்கள், மாடு மேய விடுகிறார்கள். மரம் வெட்டுவதைப் பார்த்துப் பதறும் வெளியூர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது.

பிணம் போன பாதை

ஆர்ன்சைடுக்குக் கிழக்கே, பீதம் கிராமத்துக்குப் போகும் காட்டுப் பாதையில் ஃபேரி ஸ்டெப்ஸ் என்ற கல்படிகள் இருக்கின்றன. பாறைச் சுவரில் ஓர் ஆள் உடம்பைத் திருப்பித்தான் நுழைய முடிகிற பிளவு, அதற்குள் படி. இரண்டு பக்கமும் தொடாமல் ஏறினால் தேவதைகள் வரம் தரும் என்பார்கள். கொஞ்சம் சதைப்பிடிப்பானவர்களுக்கு வரம் கிடைக்க வழியே இல்லை.

விளையாட்டுப் பாதையாகத் தெரிகிற இது, ஒரு காலத்தில் சவ ஊர்வலப் பாதை. ஆர்ன்சைடில் தேவாலயம் இல்லாத நாட்களில் அடக்கத்துக்குப் பீதம் தேவாலயத்துக்கே உடலைக் கொண்டுபோக வேண்டும். இந்தப் பாறைச் சுவரைச் சவப்பெட்டியோடு தாண்டியாக வேண்டும். கயிறு கட்டி இழுப்பதற்காக அடித்ததாகச் சொல்லும் இரும்பு வளையங்களைப் பாறையில் காட்டுகிறார்கள்.

வார்ட்டன் கிராக்

ஆர்ன்சைடுக்குத் தெற்கே, 163 மீட்டர் உயரத்தில் வார்ட்டன் கிராக் என்ற குன்று. செங்குத்துப் பாறையில் பைரிகள் கூடு கட்டுகின்றன. அடிவாரத்து வார்ட்டன் ஊரின் புனித ஆஸ்வால்டு தேவாலயத்தில் வாஷிங்டன் குடும்பச் சின்னம் கல்லில் இருக்கிறது; அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் வழிக் குடும்பம் இந்த ஊரில் வாழ்ந்தது. வடக்கே லெய்ட்டன் மாஸ் நாணல்காடு பரந்து கிடக்கிறது. 1964 முதல் பறவைக் காப்பகம். நாணலுக்குள் ஒளிந்து வாழும் பிட்டர்ன் என்ற கொக்கினப் பறவையைப் பார்க்கத் தொலைநோக்கியோடு வந்து காத்திருக்கிறார்கள்.

மேற்கே தெரியும் மணல்தான் வார்ட்டன் சாண்ட்ஸ். 2004 பிப்ரவரி 5 இரவு, இந்தப் பக்கத்து மணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்த சீனத் தொழிலாளர்கள் ஓதத்தில் சிக்கினார்கள். குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள். சட்டவிரோதமாகக் கொண்டுவரப்பட்டு, அற்பக் கூலிக்கு, இருட்டில், குளிரில் இறக்கப்பட்டவர்கள். எந்த வாய்க்கால் எப்போது நிறையும் என்று சொல்ல அவர்களோடு யாரும் இல்லை. அதே ஆண்டு, கூலி ஆள் பிடிக்கும் கங்காணிகள் உரிமம் பெற வேண்டும் என்று பிரிட்டனில் சட்டம் வந்தது. கிராக்கின் மேலிருந்து மாலை வெயிலில் அந்த மணலைப் பார்க்கிற யாரும் அழகு என்றுதான் சொல்வார்கள். அழகுதான், இதையும் தெரிந்துகொண்டு பார்க்க வேண்டும்.

நேரமிருப்பவர்களுக்கு எதிர்க்கரையில் இன்னும் இரண்டு குன்றுகள் உண்டு. கிரேஞ்சுக்கு மேலே 220 மீட்டர் ஹாம்ப்ஸ்ஃபெல். உச்சியில் வழிப்போக்கர் ஒதுங்க ஒரு கல்வீடு, அதன் கூரையில் திசைகாட்டி. மலைநடை எழுத்தாளர் வெய்ன்ரைட் 1974-ல் எழுதிய வழிகாட்டி நூலில் இதற்கு இடம் கொடுத்திருக்கிறார். அதற்குத் தெற்கே, கடலுக்குள் நீண்டிருக்கும் ஹம்ஃப்ரி ஹெட் வெறும் 53 மீட்டர். இங்கிலாந்தின் கடைசி ஓநாயை அங்கேதான் கொன்றார்கள் என்று ஊரில் கதை.

போகிறவர்களுக்கு

ஆர்ன்சைடு, சில்வர்டேல் பகுதி 75 சதுர கிலோமீட்டர்தான். 1972 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கை எழில் பகுதி. இரண்டு ஊருக்கும் ரயில் உண்டு என்பதால் ஒன்றில் இறங்கி, நடந்து, மற்றதில் ஏறிவிடலாம். ஆர்ட்னன்ஸ் சர்வே வரைபடத்தில் ஓஎல்7 தாளை வாங்கிக்கொள்ளுங்கள். ஈரமான சுண்ணாம்புக்கல் வழுக்கும். பாறைத்தளத்தில் இலை மூடிய இடுக்கில் கால் மாட்டினால் கணுக்கால் போய்விடும். புதர்களில் உண்ணி உண்டு; முழுக்கால் சட்டை நல்லது.

முக்கியமாக மூன்று. புறப்படுமுன் ஓத அட்டவணையைப் பாருங்கள். வழிகாட்டி இல்லாமல் மணலில் இறங்காதீர்கள். கரையிலிருந்து பார்க்க எவ்வளவு உறுதியாகத் தெரிந்தாலும் வேண்டாம். ஞாபகார்த்தமாக ஒரு கல்லைக்கூட எடுத்து வராதீர்கள்.

(தொடரும்)